தேம்பாவணியில் தாழ்மை

தனக்கு ஒப்பாவார் இல்லாத ஒருவனைத் தலைவனாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது பெருங்காப்பியத்திற்குத் தண்டியலங்காரம் வகுத்த நெறி. நாடும் நகரும் சிறப்பித்தல், குலங்கூறல், மணம்புணர்தல், முடிசூடல் முதலியன அத்தலைவனின் பெருமையை விளக்கவே அமைந்தவை. 1726ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடி முடித்தபொழுது, இந்நெறியை நன்கு அறிந்தே அதனைக் கைக்கொண்டார். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை அடுத்த சில ஆண்டுகளில் இயற்றியவர் அவர். ஆதலின் அறியாமல் பின்பற்றினார் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அவர் தேர்ந்துகொண்ட தலைவனோ அரசனல்லன், வீரனல்லன், நற்செய்தி நூல்கள் நான்கிலும் ஒரு சொல்லேனும் பேசியதாகக் குறிக்கப்பெறாத தச்சன். மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3,615 பாடலும் கொண்ட இப்பெருநூல், வாய் திறவாத ஒரு தொழிலாளியின் மேல் கட்டப்பட்டுள்ளது.

இதனைக் கிறித்தவ சமயத்தின் கலைக்களஞ்சியம் என்று போற்றும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அப்போற்றுதலில் குறையொன்றும் இல்லை. ஆயினும் களஞ்சியம் என்று சொன்ன அளவில், காப்பியம் தன் தலைவனை என்ன செய்தது என்னும் வினா எழாமலே போய்விடுகிறது. தாழ்மையைத் தன் உயிராகக் கொண்ட ஒருவனைப் பெருமையையே தன் உயிராகக் கொண்ட ஓர் இலக்கிய வடிவம் தாங்குமா? தாங்கியதாயின் எவ்விடத்தில் தாங்கிற்று? எவ்விடத்தில் வழுவிற்று? இவற்றையே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திருவள்ளுவர் அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்துள் பணிவும் பேசப்படுகிறது. செல்வமுடையார்க்கு அது தனிச்சிறப்பு நல்குவதாகவும் சொல்லப்படுகிறது. அடக்கம் என்பது உள்ளதொன்றை அடக்குதல். அறிவோ ஆற்றலோ செல்வமோ உடையவன் அதனை வெளிப்படக் காட்டாது நிற்றலே அது. உயர்ந்தோர்க்கு அஃது அணியாகும். தாழ்மை என்னும் சொல்லின் வரலாறு வேறு. தாழ்வு, தாழ்ச்சி, தாழ்ந்தோர் என்பன பழந்தமிழில் பெரும்பாலும் இழிவையும் குறைவையும் சுட்டியே வந்தன. ஒருவனைத் தாழ்ந்தவன் என்பது அவனைப் புகழ்வதாகாது, இன்றும் ஆகாது.

இவ்விழிசொல்லைக் கிறித்தவர் ஓர் அறத்தின் பெயராக்கினர். கிரேக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. தபெய்னோஸ் என்னும் கிரேக்கச் சொல் பழைய ஆசிரியர்களிடத்தில் அடிமைத்தன்மையையும் சிறுமையையும் குறித்தது. அரிஸ்டாட்டில் போற்றிய பெருந்தகையாளன், தன் பெருமையைத் தான் அறிந்து அதற்குரிய மதிப்பைக் கோருபவன். அவனுக்கு இச்சொல் வசையேயாம். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் அவ்வசையை எடுத்து வாழ்த்தாக மாற்றினர். இலத்தீன் ஊமிலிட்டாசு என்பதும் மண்ணைக் குறிக்கும் ஊமுசு என்னும் சொல்லடியாகப் பிறந்து அதே வழியிற் சென்றது. ஆகவே விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தோர் அடக்கத்தை விடுத்துத் தாழ்மையைத் தேர்ந்தமை மூலத்தின் துணிவைக் காத்த செயல் என்பது நம் கருத்து. 1871ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை என நின்ற இரு சொற்கள், 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு என மாறின. மனத்தாழ்மை மட்டும் மாறவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் வடசொற்களை நீக்கியும் தமிழ்ச்சொற்களைப் புதுக்கியும் உழைத்தவர்கள், இதற்கு ஈடான வேறொரு சொல்லைக் காணவில்லை போலும்.

ஆயினும் இச்சொல் தமிழ்நாட்டில் புழங்கும்பொழுது அதனோடு ஒரு நிழலும் சேர்ந்து நடக்கிறது. தாழ்ந்த குலம் என்று சிலரைச் சமுதாயம் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், தாழ்மை கொள்க என்னும் உபதேசம் எல்லாருடைய செவியிலும் ஒரேவகையாக விழுந்திருக்க முடியாது. உயரத்தில் நிற்பவனுக்கு அஃது இறங்கிவரச் சொல்லும் அழைப்பு. கீழே தள்ளப்பட்டவனுக்கு அது கீழேயே கிடக்கச் சொல்லும் ஆணையாகவும் கேட்கலாம். திருச்சபையினுள்ளேயே இந்நிழல் நீங்கவில்லை. மதுரை மிஷனில் மேற்குலத்தார்க்கு ஒருவகைக் குருக்களும் ஏனையோர்க்குப் பண்டாரசாமிகள் என்னும் வேறுவகைக் குருக்களும் இருந்தனர். தஞ்சையில் இறைவன்முன் உருகிப் பாடிய வேதநாயக சாத்திரியார், 1829ஆம் ஆண்டளவில் புதிய மிஷனரிகள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபொழுது அவர்களை எதிர்த்தே எழுதினார். பக்தியுள்ள தாழ்மை வேறு, பக்கத்தில் இருப்பவனோடு சமமாக அமரும் தாழ்மை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேம்பாவணியை மதிப்பிடும்பொழுதும் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இனி, மூலத்தில் உள்ள சூசையைக் காண்போம். மத்தேயு அவரை நீதிமான் என்கிறார். மணம் உறுதியான பெண் கருவுற்றிருப்பதை அறிந்தும், அவளைப் பலரறியப் பழிக்காமல் மறைவாக விலக்கிவிட எண்ணினார். கனவில் வானதூதர் உண்மை உணர்த்தினார். விழித்தெழுந்து அவ்வாறே செய்தார். மற்றொரு கனவில் எகிப்துக்கு ஓடிப்போகும் ஆணை வந்தது, இரவோடிரவாகப் புறப்பட்டார். எத்தனை நாள் அங்கிருக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. மறுமொழி வரும்வரை தங்கவேண்டும் என்பதே ஆணை. மூன்றாம் கனவு அவரைத் திருப்பி அழைத்தது. ஆனால் யூதேயாவில் அர்க்கெலாயு ஆள்வதை அறிந்து அங்குச் செல்ல அஞ்சினார். நான்காம் கனவில் எச்சரிக்கப்பட்டுக் கலிலேயா சென்று நாசரேத்தில் குடியமர்ந்தார். லூக்கா கூறும் ஒரு சிறு செய்தியும் இங்கே நோக்கத்தக்கது. குழந்தையை ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கச் சென்றபொழுது அவர்கள் காணிக்கையாகக் குறித்தவை இரு பறவைகள். ஆட்டுக்குட்டி கொணர வகையற்றவர்க்கு லேவியர் நூல் விதித்த காணிக்கை அது.

இவ்வளவே செய்தி. இதில் நாம் காணும் நம்பிக்கை வியப்புக்குரியது. சூசைக்கு முழுத்திட்டமும் எங்கும் காட்டப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த அடி எதுவோ அதுவே காட்டப்பட்டது. அந்த ஓரடியை எடுத்து வைத்தார், பின் காத்திருந்தார். அச்சம் அவரைவிட்டு நீங்கவுமில்லை. அர்க்கெலாயுவுக்கு அஞ்சியது நற்செய்தியிலேயே உள்ளது. இறைவனை நம்புகிறவன் அஞ்சமாட்டான் என்று எளிதாகச் சொல்லும் நூல்கள் பல. மத்தேயு அவ்வாறு சொல்லவில்லை. அன்றாட வாழ்வில் ஏழைக் குடும்பத் தலைவன் ஒருவன் கொள்ளக்கூடிய நம்பிக்கை இத்தகையதே: வேலை தேடி ஊர் மாறுதல், ஆபத்து வருமுன் குடும்பத்தை நகர்த்துதல், நாளைய நிலை தெரியாமல் இன்றைய பணியைச் செய்தல்.

வீரமாமுனிவர் இவரைத் தேர்ந்தமைக்குக் காலமும் ஒரு காரணம். இடைக்கால ஐரோப்பிய நாடகங்களில் சூசை சில இடங்களில் நகைப்புக்குரிய முதியவராகக் காட்டப்பட்டார். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அந்நிலை மாறலாயிற்று. அவிலா தெரேசா 1562இல் நிறுவிய கன்னியர் மடத்தைச் சூசையின் பெயராலேயே அமைத்தார். ஆகிருதா மரியா என்னும் இசுப்பானியக் கன்னியர் எழுதி 1670இல் வெளியான இறைவனின் மறைநகர் என்னும் பெருநூல், நற்செய்தி மௌனமாக விட்ட இடங்களையெல்லாம் காட்சிகளால் நிரப்பியது. அந்நூலே தேம்பாவணிக்கு முதன்மையான மூலம் என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். பாவலரின் இயற்பெயரிலும் யோசேப்பு என்பது அடங்கியிருந்தமை நினைக்கத்தக்கது. தம் பெயர்க் காவலரைத் தாம் வந்தடைந்த நாட்டின் மொழியில் பாடியிருக்கிறார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்தல் என்னும் பொருள் உண்மையின், வளன் என்று தமிழாக்கினார். இதனினும் அழகிய பெயராக்கத்தை நாம் அறியோம். தாழ்மையின் தலைவனுக்கு வளன் என்னும் பெயர் வாய்த்ததும் ஒருவகை முரணே.

காப்பியம் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் தொடங்குகிறது. யூதேயா மருதவளம் கொழிக்கும் தமிழ்நாடாகிறது; எருசலேம் மாடமாளிகை நிறைந்த திருநகராகிறது. சிந்தாமணியையும் கம்பரையும் ஊன்றிக் கற்றவர் கை என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. ஆனால் நாசரேத்து எங்கே? நற்செய்தியில் அவ்வூரிலிருந்து நன்மை எதுவும் வரக்கூடுமோ என்று ஒருவர் ஐயுறும் அளவிற்கு அது பெயரற்ற ஊர். தலைவனின் சிறுமைக்கு அவ்வூரின் சிறுமையே தக்க முகப்பு. காப்பிய இலக்கணம் அம்முகப்பை மறைத்துப் பொன்வாயில் நிறுத்திவிட்டது.

வளன் சனித்த படலத்தில் இது மேலும் தெளிவாகிறது. தலைவனின் பிறப்பைக் கூறவந்த இடத்தில், அவன் முன்னோனாகிய தாவீது கோலியாத்தை வென்ற கதை விரித்துப் பாடப்படுகிறது. பாடல்கள் சிறந்தவை; போர்க்களக் காட்சியில் பெஸ்கியார்க்கு நிகராவார் சிலரே. குலங்கூறல் என்னும் உறுப்பும் நிறைவுறுகிறது. ஆனால் கற்போன் நெஞ்சில் பதிவது என்ன? வளன் தச்சனாயினும் அரசகுலத்தான் என்பதே. தச்சன் என்பது தமிழ்நாட்டில் தொழிற்பெயராக மட்டும் நில்லாமல் குலப்பெயராகவும் வழங்குவது. தச்சனின் மகன் அன்றோ என்று நாசரேத்தார் இயேசுவை இகழ்ந்ததன் கூர்மை தமிழர்க்கு விளக்கமின்றியே விளங்கும். அவ்விகழ்ச்சியைத் தாங்கிய தொழிலை, தாவீதின் குலப்பெருமை கொண்டு மூடிவிடுவது எளிது. மத்தேயுவும் தாவீதின் வழிமுறையைத் தம் நூல் முகப்பில் வைத்தாரே எனின், வைத்தார். ஆனால் பெயர்வரிசையாக வைத்தாரேயன்றி அதனைப் போர்ப்பரணியாகப் பாடவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அரசனல்லாத தலைவனைப் பாடும் வழி தமிழில் இல்லையா? இளங்கோவடிகள் வணிகர் குடும்பத்தைப் பாடினார். அதனினும் நெருங்கிய முன்மாதிரி பெரியபுராணம். குயவரும் வேடரும் பரதவரும் நெசவாளரும் அங்கே தத்தம் தொழிலோடு நிற்கின்றனர். காஞ்சியில் அடியார்க்குத் துணி வெளுத்துத் தரும் திருக்குறிப்புத் தொண்டர், மழை விடாமையால் குறித்த நேரத்தில் ஒரு முதியவரின் ஆடையை உலர்த்தித் தர இயலாது போனமைக்காகத் துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதச் சென்றார். தொழிலின் நேர்மையே அங்கே தொண்டு. ஈரத்துணி ஒன்றே பெருங்கவலை. தில்லையில் மட்கலம் வனைந்த திருநீலகண்டரோ, ஒரு சூளுரவின் பொருட்டு மனைவியோடு ஒரே இல்லத்தில் மெய்தீண்டாமல் முதுமை எய்துமளவும் வாழ்ந்தார், அயலார் அறியவில்லை. வளனும் மரியும் கன்னிமை காத்த இல்லறத்தை வீரமாமுனிவர் ஈரறம் பொருத்து படலம் என்று பெயரிட்டுப் பாடினார். குயவர் இல்லத்தையும் தச்சர் இல்லத்தையும் ஒப்பிட்டால் ஒப்புமை கற்போர் கண்முன் வந்து நிற்கும். பெஸ்கியார் இராமனைப் பாடியவரை நோக்கிச் செல்லாமல் சேக்கிழாரை நோக்கிச் சென்றிருப்பாராயின், தேம்பாவணி வேறொரு நூலாகியிருக்கும். சமய மாறுபாடு அவ்வழியை அடைத்திருக்கலாம். காப்பியப் புலவரின் பெருமையுள்ளமும் அடைத்திருக்கலாம். இரண்டாவதே வலிதென நமக்குத் தோன்றுகிறது. சமயம் தடையாயின் கம்பரும் தடையாகியிருப்பார் அல்லவா?

ஈரறம் பொருத்துதல் என்னும் அப்பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இல்லறம், துறவறம் என்று அறத்தை இரண்டாகப் பகுத்து, இரண்டாவதை மேலாக வைப்பது பெருவழக்கு. சந்நியாசக் கோலம் பூண்டு வாழ்ந்த முனிவர் ஒருவர், தம் தலைவனைக் காட்டிற்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தினார். துறவின் தூய்மை உலைக்களமும் உளியும் உள்ள வீட்டிற்குள் நிகழலாம் என்பது அப்படலத்தின் உட்கோள். அன்றாட வாழ்வே இறைபணிக்குப் போதிய களம் என்று இதற்குமேல் எவ்வாறு சொல்வது? காப்பிய அணிகலன்கள் பலவற்றின் இடையே, இதனைக் காணத் தவறுதல் கூடாது.

தேம்பாவணி முழுவதிலும் தாழ்மை உண்மையாகவே கவிதையாகும் இடம் ஐயந்தோற்று படலம். மனைவி கருவுற்றிருப்பதைக் கண்ட வளன் கலங்குகிறான். கம்பரின் கதைமாந்தர் துயருறும்போது உலகமே உடன் துயருறும். இங்கே ஒருவனின் நெஞ்சினுள் மட்டும் புயல் அடிக்கிறது. கண்டதும் பொய்யன்று, அவள் தூய்மையும் பொய்யன்று. இரண்டையும் ஒருசேரப் பற்றிக்கொண்டு நிற்கும் அறிவு எதுவும் அவனிடம் இல்லை. சினம் கொள்ளும் உரிமை அவனுக்குச் சட்டத்தால் உண்டு. அவ்வுரிமையை அவன் எடுக்கவில்லை. பிறர்மேல் தீர்ப்புக் கூறும் இடத்தில் தான் இருந்தும், அவ்விடத்தை விட்டு இறங்கிவிடுகிறான். தானே விலகிப்போக நினைக்கிறான். தாழ்மை என்பது தன்னை இழித்துப் பேசுதல் என்று கொள்வோர் பலர். தனக்கு முழுதும் விளங்காத ஒருவர்மேல் தீர்ப்பிடாதிருத்தலும் தாழ்மையே. அன்றாட இல்வாழ்வில் அதனினும் அரிய தாழ்மை இல்லை. காப்பியத்தின் ஒலிநடை இங்கே தானாகவே தணிகிறது. உவமைகள் குறைவதாகச் சொல்ல இயலாது. ஆனால் அவை அணிசெய்ய வாராமல் அலைக்கழிவைக் காட்ட வருகின்றன. அடுத்த படலத்தில் வானவன் உரையால் ஐயம் நீங்குகிறது. நீங்குமுன் அவன் நின்ற நிலையே நம் நெஞ்சில் நிற்பது.

இப்படலத்தின் வெற்றிக்குக் காரணம் யாது? வளனுக்கு ஒன்றும் தெரியாது என்பதே. தெரியாத நிலையிற்றான் நம்பிக்கைக்கு வேலை உண்டு. பைதிரம் நீங்கு படலம் முதலாக வரும் எகிப்துப் பயணத்தைப் பார்த்தால் இதன் மறுதலை விளங்கும். மத்தேயு ஒரே மூச்சில் சொல்லிவிட்ட இரவுப்பயணம் தேம்பாவணியில் பெரும்பகுதியை நிரப்புகிறது. வானவர் உடன்வருகின்றனர், ஆங்காங்கே பழைய ஏற்பாட்டு வீரர் கதைகளை எடுத்துரைக்கின்றனர், சோசுவன் வெற்றி, சேதையோன் வெற்றி எனப் படலங்கள் தொடர்கின்றன. பாலைவழி திருவிழா வீதியாகிறது. வானவர் படை சூழச் செல்பவன் எதற்கு அஞ்சுவான்? அஞ்சாதவனுக்கு நம்பிக்கை எதற்கு? குழந்தையோடும் தாயோடும் இருளில் ஓடும் ஏழையின் நடுக்கம் இங்கே கரைந்துபோகிறது. ஆகிருதா மரியாவின் நூல் வானவர் கூட்டத்தை வழங்கியது. தமிழ்க் காப்பியமரபு கிளைக்கதைக்கு இடம் வழங்கியது. இரண்டும் சேர்ந்து வளனின் தனிமையைப் பறித்துக்கொண்டன.

இவ்வாறு சொல்லும்பொழுது மற்றொரு பக்கத்தையும் கூறாமல் விடுதல் முறையன்று. இந்நூலை முதலிற் கேட்டவர் யாவர்? பாளையக்காரரும் படைத்தலைவரும் மாறிமாறி ஆண்ட நிலத்தில், சிறுசிறு கூட்டமாக வாழ்ந்த புதுக்கிறித்தவர். அருளானந்தர் எனப்பட்ட பிரிட்டோ அடிகள் 1693இல் ஓரியூரில் தலைவெட்டுண்டது அவர்களுள் முதியோர்க்கு நினைவிருந்திருக்கும். ஊரைவிட்டு இரவில் ஓடுதல் அவர்களுக்கு வெறும் கதையன்று. அத்தகையோர்க்கு வழிநெடுகத் துணைவரும் வானவர் ஆறுதலாய் இருந்திருப்பர். திறனாய்வாளன் குறையெனக் காண்பதைக் கேட்டோர் அருளெனக் கண்டிருத்தல் கூடும். ஆயினும் ஆறுதல் தருவது வேறு, நம்பிக்கையைக் கவிதையில் காட்டுவது வேறு என்ற நம் துணிபில் மாற்றமில்லை. ஐயந்தோற்று படலமும் அதே மக்களுக்கே பாடப்பட்டது. அங்கே ஆறுதலுக்காகக் கலக்கம் குறைக்கப்படவில்லை.

இத்தொல்லையின் வேர் இன்னும் ஆழத்தில் உள்ளது. தாழ்மையைப் படர்க்கையில் பாடுதல் அரிது. ஒருவனைத் தாழ்மையுடையான் என்று ஆயிரம் பாட்டில் புகழ்ந்தால், புகழே அவனை உயர்த்திவிடும். அவனே தன்னைத் தாழ்மையுடையேன் என்று கூறினால் அக்கணமே தாழ்மை அழியும். பின் எவ்வாறு பாடுவது? கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இதற்கு ஒரு வழி கண்டது. 1827இல் நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவித் தம் காப்பியத்தை 1894இல் நூலாக்கினார். பனியனின் பயணி முதுகில் சுமையோடு புறப்படுபவன், அரசகுலத்தான் அல்லன், எவருமாகலாம். தாழ்மைப் பள்ளத்தாக்கு என்றே அக்கதையில் ஓர் இடம் உண்டு. அதற்குள் இறங்குவது ஏறுவதினும் இடர்மிக்கது என்பதும், அங்கேயே அப்பொல்லியோன் என்னும் பகைவன் எதிர்ப்படுவான் என்பதும் பனியனின் நுண்ணறிவு. நம்மைத் தாழ்த்தும் நிகழ்ச்சியின் நடுவிலேயே பெருஞ்சோதனை வரும் என்பதனைத் தச்சுப்பட்டறைக்கு நிகரான தொழிற்குடியில், பாத்திரம் செப்பனிடுவோன் மகனாய்ப் பிறந்து சிறையிருந்த அவர் அறிந்திருந்தார்.

கிருஷ்ண பிள்ளை கதையோட்டத்தின் இடையே தேவாரம் என்னும் பெயரால் தன்மைக்கூற்றான இசைப்பாக்களை அமைத்தார். அங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. வேண்டுதலில் பேசுபவன் தன்னைப் புகழவும் இல்லை, பிறரால் புகழப்படவும் இல்லை. கேட்பவர் ஒருவரே, அவர்முன் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய உள்ளம் அவருடையது. தன் சிறுமையைச் சொல்லி இரங்கும் நைச்சியமும், வேறு புகலின்மையை அறிவிக்கும் சரணாகதியும் வைணவம் அவர்க்கு முன்பே கற்பித்திருந்தவை. சமயம் மாறியது, மொழியின் முழங்கால் ஏற்கெனவே மடிந்திருந்தது. தாழ்மையும் நம்பிக்கையும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்பது அப்பாக்களில் தெளிவாகும். தன் கையில் ஒன்றுமில்லை என்பது தாழ்மை. அவர் கையில் உண்டு என்பது நம்பிக்கை.

ஆனால் தேவாரம் பாடுபவனுக்கு அண்டைவீட்டான் இல்லை. இறைவனும் அவனும் மட்டுமே அங்கே உளர். வளனுக்கோ மனைவி உண்டு, வளர்க்கும் மகன் உண்டு, மரம் அறுக்கவேண்டிய வேலை உண்டு, அந்நிய நாட்டில் பிழைக்கவேண்டிய கட்டாயம் உண்டு. தேவாரத்துத் தாழ்மை சொல்லில் நிறைவது. வளனின் தாழ்மை செயலில் நிறைவது. ஒருவர் பெற்றதை மற்றவர் இழந்தார் எனலாம். சாத்திரியாரைப் பற்றி முன்னர்க் கூறியதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இறைவன்முன் தாழ்தல் மட்டும் போதுமாயின், அவரிடம் குறைகாண நமக்கு வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சூசையைப் பார்த்த பார்வை பெரிதும் மாறியது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல்நாளைத் தொழிலாளரான சூசையின் திருநாளாக ஏற்படுத்தினார். 2020 திசம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட மடல், பிறர் கண்ணிற்படாமல் உழைக்கும் எளிய மக்களோடு சூசையைச் சேர்த்தெண்ணியது. இன்று தேம்பாவணியைக் கற்பிக்கும் வகுப்பில் இம்மாற்றம் உணரப்படவேண்டும். தாழ்த்தப்பட்டோர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர் அவ்வகுப்பில் உளர். அரசகுலத்தான் விரும்பித் தச்சனாயினான் என்று வளனைக் கற்பித்தால், தாழ்மை உயர்ந்தோரின் பெருந்தன்மையாக மட்டுமே முடியும். கீழே வைக்கப்பட்டவனுக்கு அதில் பங்கில்லை. இரு பறவைகளுக்கு மேல் கொணர வகையற்றவனின் நேர்மை என்று கற்பித்தால், அதே பாடல்கள் வேறொளி பெறும். தாழ்த்தப்படுதல் பிறர் செய்யும் கொடுமை. தாழ்மை ஒருவன் தானே கொள்ளும் அறம். முன்னதைப் பின்னதன் பெயரால் மூடுதல் ஆகாது. இப்பகுப்பைத் தேம்பாவணி வெளிப்படையாகச் செய்யவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அதனை எதிர்பார்த்தலும் பொருந்தாது. 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வீரமாமுனிவர் வரலாறு முனிவரின் பல்லக்கையும் ஆடம்பரத்தையும் விரித்துரைக்கிறது. அவ்வரலாற்றின் செய்திகள் அனைத்தையும் ஆய்வாளர் ஏற்பதில்லை. அது மெய்யோ பொய்யோ, நூலின் பல்லக்கு நம் கண்முன் இருக்கிறது: இறுதிப் படலம் முடிசூட்டு படலம். இராமனுக்கு அயோத்தியில் கிடைத்தது வளனுக்கு வானகத்தில் கிடைக்கிறது.

அம்முடிக்குச் சற்று முன்னே பிணிதோற்று படலம் உள்ளது. காப்பியத் தலைவர் களத்தில் வீழ்வர், தவத்தில் மறைவர், முடிசூடி வாழ்வர். நோயுற்றுப் படுக்கையில் கிடந்து இறத்தல் அவர்க்கு வழக்கமன்று. வளன் அவ்வாறு இறக்கிறான். அவன் வளர்த்த மகன் இன்னும் ஊரறியப் போதிக்கத் தொடங்கவில்லை. நோயாளர் எவரும் குணமாகவில்லை. சீடர் எவரும் அழைக்கப்படவில்லை. சிலுவையும் உயிர்ப்பும் தொலைவில் உள்ளன. எதன்பொருட்டு இரவில் ஓடினானோ, எதன்பொருட்டு எகிப்தில் உழைத்தானோ, அதன் பயனை அவன் கண்ணாரக் காணவில்லை. உழைத்துத் தேய்ந்த உடல், பிறர் பணிவிடையை ஏற்றுக் கிடக்கிறது. பிறர்க்கு ஊழியம் செய்வதைக் காட்டிலும் பிறர் ஊழியத்தை ஏற்பது பலர்க்கு அரிது. முடிசூட்டு படலத்தின் அணிநலத்தை வியந்து எழுதியவர் பலர். பிணிதோற்று படலத்தைத் தனியே எடுத்து, ஆகிருதா மரியாவின் நூலோடு பாடல்தோறும் ஒப்புநோக்கி ஆராய்தல் முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க பணி. பெஸ்கியார் மூலத்திலிருந்து விலகித் தாமே பேசும் இடங்கள் அங்கே சில கிடைக்கும் என்பது நம் எதிர்பார்ப்பு.